நீண்டகரைக்குப் போன தம்பிக்கு

சின்னப்பாலம்
ஆனி 10

தம்பி,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். சாப்பிட்டாயா? போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் நீ போன் போடவில்லை. கடலுக்குள் டவர் கிடைத்திருக்காது என்று உன் அத்தையிடம் சொன்னேன், அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நானே போட்டால் நான் ஒன்று கேட்க நீ ஒன்று சொல்ல, கத்திக்கொண்டுதான் வைப்போம். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நோட்டில் தாள் கிழித்து வாங்கி எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு, பிழை இருந்தால் சிரிக்காதே.

தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்து விசைப்படகெல்லாம் போய் வந்துவிட்டது. முதல் நாள் இறால் நல்ல பாடு. உன் முதலாளி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். அங்கே 9-ஆம் தேதி ராத்திரியோடு வலையை ஏற்றியாச்சு, ஜூலை 31 வரை 52 நாள் கேரளாவில் இழுவலை போட் இறங்காது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். இங்கே 61 நாள் வேலையில்லை என்றுதானே அங்கே போனாய்? இப்போது அங்கே இல்லை, இங்கே இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. என்ஜின் வேலை, வலை வேலை என்று ஏதாவது இருக்கும். ஆனால் கையில் காசும் வேலையில்லாத பகலும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தடைக்காலத்தில் நம் ஊரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு நான் சொல்லவேண்டுமா. நிவாரணப் பணம் பேங்கில் ஏறின அன்றைக்குக் கூட்டம் எந்தக் கடையில் நிற்கும்?

வெறும் வயிற்றோடு இருக்காதே. பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலில் ஒன்று வந்தாலும் உஷாராக இரு என்று, குடியை விட்டவர்கள் கூடுகிற உங்கள் ஏ.ஏ. கூட்டத்து மண்டபத்து அண்ணன் சொல்வாரே, அதில் பசியையாவது நீ பார்த்துக்கொள்ளலாம் இல்லையா. நீண்டகரைக்குப் பக்கத்தில் கொல்லத்திலும் அந்தக் கூட்டம் நடக்காமல் இருக்காது. மலையாளத்தில் பேசினால் என்ன, உட்கார்ந்துவிட்டு வா.

உங்கள் அப்பாவும் அஞ்சு வருஷம் மலைக்கு மாலை போட்டார். 41 நாளும் ஒரு சொட்டு வாயில் படாது. பஜனையில் உட்கார்ந்து, நாலு பேரோடு சாப்பிட்டு, ஊரே சாமி சாமி என்று கூப்பிட நிமிர்ந்து நடப்பார். மாலையைக் கழற்றின ராத்திரியே பழையபடி. அவருக்கு மனத்திடம் இல்லை என்று ரொம்ப நாள் ஏசினேன். மாலையைக் கழற்றின பிறகு அவரைக் கூப்பிட ஒருத்தரும் இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது. உங்கள் புதன்கிழமைக் கூட்டம் கார்த்திகை, மார்கழி பார்ப்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன், கொல்லத்தில் எங்கே என்று விசாரி.

ராமநாதபுரம் போகிற பஸ்ஸில் உங்கள் கூட்டத்து ஆள் ஒருத்தரைப் பார்த்தேன். உங்க பையன் பேசினால் எங்களுக்குக் கண் கலங்கும் என்றார். என்ன பேசினான் என்று கேட்டேன், அங்கே கேட்டதை வெளியே சொல்லமாட்டோம் அம்மா என்றுவிட்டார். எனக்குப் பெருமைதான். பெற்றவளிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்கிறாயே என்று வயிற்றெரிச்சலும்தான்.

ஒன்று சொல்லவேண்டும், இவ்வளவு எழுதியும் அதைச் சொல்லவில்லை. நீ கிளம்புவதற்கு இரண்டு நாள் முந்தி, திண்ணையில் படுத்திருந்தாய். நான் குனிந்து உன் வாயை மோந்து பார்த்தேன். பீடி வாடைதான் இருந்தது. அன்றைக்கு மட்டும் இல்லை, நீ நிறுத்தின நாளில் இருந்தே வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு உன் இமை ஆடியது. நீ அசையாமல் கிடந்தாய், நான் தண்ணீர் எடுக்க வந்தவள் மாதிரி செம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மறுநாள்தான் நீண்டகரை என்ற பேச்சையே எடுத்தாய்.

முன்னே ஒரு தடவை நீயாக நிறுத்தினாயே, அப்போது மறுநாளே வலிப்பு வந்தது, மூன்றாம் நாள் சுவரில் நண்டு ஊர்கிறது என்று கத்தினாய். காத்துக் கருப்பு என்று கயிறு கட்டினேன். அதிலும் அடங்காமல் போக, ஆளை அனுப்பி குவார்ட்டர் வாங்கிவரச் சொல்லி தம்ளரில் ஊற்றிக் கொடுத்தது நான்தான். ரொம்ப நாள் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் செய்யும், உயிருக்கே ஆபத்து, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்தவேண்டும் என்று டாக்டர் பிறகுதான் சொன்னார். முதலாளியிடம் காய்ச்சல் என்று எத்தனை பொய். ஊற்றிக் கொடுத்தவளே வந்து மோந்து பார்த்தால் உனக்கு எப்படி இருந்திருக்கும்?

போன வெள்ளிக்கிழமை குடும்பத்தாருக்கு நடத்துகிற கூட்டத்துக்கு நானும் போனேன், அல்-அனான் என்று பெயர். உங்கள் ஏ.ஏ.வைத் தொடங்கினவர்களில் ஒருத்தரான அமெரிக்காக்காரர் பில், அவருடைய சம்சாரம் லோயிஸ் 1951-இல் தொடங்கினது. அவர் குடியை விட்ட பிறகும் அந்த அம்மாவுக்கு ஆற்றாமை அடங்கவில்லையாம், கூட்டத்துக்கு நேரமாச்சு என்று அவர் அவசரப்படுத்தினதற்குச் செருப்பைத் தூக்கி எறிந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா, மகன் குளிக்கப் போனதும் சட்டைப் பையைத் துழாவுவதைச் சொன்னாள், எல்லாரும் தலையாட்டினார்கள். என்னுடையதைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வெள்ளி சொல்லப் பார்க்கிறேன்.

ஜூலை 19 வந்தால், குடியை விட்ட கணக்கில் உனக்கு ஒரு வயது என்று அண்ணன் சொன்னார். கேக் வெட்டுவார்களாமே, 31 வயதுக்காரனுக்கு. நடுவில் ஏதாவது ஆகியிருந்தால் தேதிதான் தள்ளிப் போகும். நான் உன்னைக் கேட்கவில்லை.

நாளை அமாவாசைத் தண்ணிக்குப் பாசி எடுக்க இறங்குகிறோம், ஆறு நாள். போன் வீட்டில்தான் கிடக்கும். அந்த பில் குடியை விட்டு அஞ்சு மாதத்தில், தொழிலில் தோற்று ஆக்ரன் ஊர் ஹோட்டலில் நின்றபோது, ஒரு பக்கம் பார், ஒரு பக்கம் டெலிபோன் என்று அண்ணன் சொல்லும் கதை இருக்கிறதே. 1935-இல் அவர் அன்றைக்குக் குடிக்காமல் தப்பிக்கப் போன் போட்டுத் தேடினது இன்னொரு குடிகாரனைத்தான், பெண்டாட்டியை இல்லை. நீயும் முதலில் மண்டபத்து அண்ணனுக்குப் போடு. எனக்கு அப்புறம் போட்டால் போதும்.

அம்மா