என் சிறுநீரகத்தைக் காத்து வருகிறவர்களுக்கு

தெருக்காரர்கள், உறவுக்காரர்கள், ஆஸ்பத்திரியில் எனக்காக மெனக்கெட்டவர்கள் எல்லாருக்கும் பாளையங்கோட்டையிலிருந்து வணக்கம்.

இந்த மாதம் எடுத்த ரத்தச் சோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.45, ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 42. போன வருஷமும் ஏறக்குறைய இதேதான். மூன்றாம் நிலை சிறுநீரக நோய்க்காரிக்கு எண் இறங்காமல் நிற்பதே பெரிய சந்தோஷம். சிறுநீரகத்துக்குள்ளே கெட்டுப்போன வடிகட்டிகள் திரும்ப வராது, மிச்சத்தைப் பல வருஷம் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். நான் ஒருத்தியாக நின்று காப்பாற்றவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் உணவு முறை சொல்லித் தந்த அம்மாவுக்கு. "உப்பைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தால் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஒரு டீஸ்பூனில் உப்பைத் தலைதட்டி, "ஒரு நாளைக்கு மூணு வேளைக்கும் சேர்த்து இவ்வளவுதான், 5 கிராம்" என்று கண்ணில் காட்டினார். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும் என்றார். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கும் பாக்கெட்டில் பொட்டாசியம் இருக்கும், எனக்கு அது ஆகாது என்று எச்சரித்ததும் அவர்தான். பயந்துபோய் பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்த இருந்தவளை, அளவோடு சாப்பிடச் சொல்லித் தடுத்தார்.

அடுத்து என் மருமகள். எனக்குப் பொட்டாசியம் 5.4 வரை ஏறியிருந்தது. (எல்லாச் சிறுநீரக நோயாளிக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது, சோதனை பார்த்துத்தான் சொல்வார்கள்.) அதிலிருந்து அவள், காயிலுள்ள பொட்டாசியம் குறையட்டும் என்று, காயைப் பொடியாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டு, அதையும் வடித்துவிட்டுத்தான் தாளிக்கிறாள். காலையில் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது சின்ன வேலையா? உப்புக் குறைந்த குறை தெரியாமலிருக்க எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு என்று கைப்பக்குவம் மாற்றினாள். வீடு முழுக்க இப்போது அதே சமையல்தான். தனித்தட்டு வைத்து என்னை நோயாளியாக உட்கார வைக்காததற்கு, தாயி, உனக்கு நான் என்ன செய்யப் போகிறேன்!

மருந்துக்கடை அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு. தையல் மெஷின் மிதித்து மிதித்து எனக்கு ஓயாத மூட்டுவலி. வலி மாத்திரை கேட்டால், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று, "டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எதுவும் உங்களுக்குக் கூடாதுக்கா, டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்க" என்று கையை விரித்துவிடுவார். வியாபாரம் போனாலும் போகட்டும் என்று நினைக்கிற மனசு எத்தனை பேருக்கு இருக்கும்?

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வரும் தங்கச்சி, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறாள். சும்மா கொடுத்துவிட்டுப் போவதில்லை. என்னை ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரவைத்துத்தான் பிரஷர் பார்ப்பாள். 130-க்கு 80-ஐத் தாண்டினால் அவள் முகமே மாறிவிடும்.

வ.உ.சி. மைதானத்தில் என் நடைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூட நடக்கும் தோழிகளுக்கும், என் முன்னால் இனிப்புப் பெட்டியைத் திறக்காத எதிர்வீட்டாருக்கும் நன்றி.

சம்பந்தி அம்மாவைச் சொல்லாமல் முடிக்க முடியாது. மகள் கல்யாணத்து மறுவீட்டுச் சொதியில் உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், தேங்காய்ப்பால் எல்லாம் வழக்கம்போல. நான் மோர்சோற்றோடு எழுந்துவிடலாம் என்றிருந்தேன். "மதினி, உங்களுக்குன்னு தனியா வச்சிருக்கேன்" என்று சின்னச் சட்டியை எடுத்து வந்தார். கேரட்டும் பீன்ஸும் மட்டும், வேகவைத்து வடித்தது, கொஞ்சம் தேங்காய்ப்பால், உப்பு அரைகுறை, இஞ்சி தூக்கலாக. அத்தனை கல்யாண வேலைக்கு நடுவில் என் மருமகளிடம் ஃபோனில் கேட்டுக் கேட்டுச் செய்தாராம்.

இந்தப் பக்குவமெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் தாராளமாக வீட்டுக்கு வரலாம். சாயங்காலம் 5 மணிக்கு மேல் மருமகளும் இருப்பாள். உங்கள் சோதனைச் சீட்டையும் கொண்டு வாருங்கள், பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் அவள் பேச்சையே ஆரம்பிப்பாள்.

அன்புடன்,
உங்கள் தையல்கடை அக்கா