வாத்து முட்டை திடீரென்று குறைந்தால் சோதித்துச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் பெயரில் ஒரு வைரஸ் இருப்பது இங்கே கோழி, வாத்து வளர்க்கும் பலருக்கே தெரியாது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நோயுற்ற கறிக்கோழிக் குஞ்சுகளிலிருந்து பிரித்தெடுத்த அந்தக் கிருமியைச் சித்தியவான் வைரஸ் என்ற பெயரில் 2000இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது தாக்கினால் குஞ்சுக்கு மூளை அழற்சி வரும், வளர்ச்சி குன்றிப்போகும். மரபணுவை ஒப்பிட்டதில், 1955இல் கோலாலம்பூரில் கியூலெக்ஸ் கொசுக்களில் கண்டெடுத்த தெம்புசு வைரஸுக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. 2010இல் சீனாவின் வாத்துப் பண்ணைகளைப் புரட்டிப் போட்டதும் இந்தத் தெம்புசு வகைதான். வாத்து தீனி எடுக்காது, சில நாட்களிலேயே முட்டை மளமளவென்று இறங்கிவிடும். தாய்லாந்திலும் வந்தது.

நான் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் முட்டை வாத்து வளர்ப்பவள். போன மழைக்காலத்தில் என் வாத்துகள் தீனியை விட்டு ஒதுங்கின. முட்டை பாதிக்கும் கீழே போனது. சில வாத்துகள் காலை இழுத்து இழுத்து நடந்து செத்தன. கடையில் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். வைரஸாக இருந்தால் அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. செத்ததை யாரும் சோதிக்கவில்லை, என்ன நோய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நோயை வேறொன்றாக நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பேராக் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998இல் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தபோது, கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் கண்டுபிடித்தது நிப்பா வைரஸ். அது பன்றியிடமிருந்தே மனிதருக்குத் தொற்றியது. அதற்குள் நோய் நெகிரி செம்பிலானுக்கும் போய்விட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சுமார் 10 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன.

தெம்புசுவிலும் கொசு மட்டும் காரணம் இல்லை. வாத்திலிருந்து வாத்துக்கு நேராகவும் அது பரவும். வைரஸின் மேலுறைப் புரதத்தில் 156ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் அந்தப் பரவும் திறனே அடிபட்டுப்போகிறது என்று சீன ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் சுற்றும் கிருமி எந்த மாதிரி என்று மரபணுவைப் படித்துப் பார்த்தால்தானே தெரியும்? கொட்டகையைச் சுற்றிக் கொசுவை அடிப்பதா, வாத்துகளைப் பிரித்து அடைப்பதா என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்ய முடியும்.

கால்நடை ஆராய்ச்சிக் கழகம் ஈப்போவிலேயே இருக்கிறது. பெரிய பண்ணைகளுக்குச் சொந்த மருத்துவர் உண்டு, எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. செத்த வாத்தை ஐஸ் பெட்டியில் வைத்து நாங்களே கொண்டுபோகத் தயார். எந்த நாளில், யாரிடம், எவ்வளவு கட்டணத்துக்குக் கொடுக்கலாம், முடிவு எப்போது கிடைக்கும் என்று தமிழிலும் ஓர் அறிவிப்பை மழைக்காலத்துக்கு முன்பே அதிகாரிகள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாத்து வளர்க்கும் வாசகி,
சித்தியவான், பேராக்.