எலிக்குக் குறைந்த வலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட நரம்பு வலிக்குப் புதிய மருந்து ஒன்று எலிகளிடம் நல்ல பலன் தந்ததாகத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளியான செய்தியைப் படித்தேன். அந்த எலிகளுக்கு வலியை எப்படி உண்டாக்கினார்கள், அது குறைந்துவிட்டது என்று எதை வைத்து முடிவுகட்டினார்கள் என்ற இரண்டு விவரங்களும் அதில் இல்லை. பாத எரிச்சலால் இரவெல்லாம் உறங்காத சர்க்கரை நோயாளி ஒருவர் மறுநாளே அந்தச் செய்தித்தாளை மடித்துக்கொண்டு மருத்துவரிடம் போய் நிற்பார் என்பதால் இதை எழுதுகிறேன்.

எலிக்கு நரம்பு வலியை உண்டாக்க மிகப் பரவலாகக் கையாளப்படும் முறைகளுள் ஒன்று, அமெரிக்காவில் பென்னட், ஷியே ஆகிய இரு ஆய்வாளர்களும் 1988-இல் வெளியிட்டது. எலிக்கு மயக்கம் கொடுத்து, தொடைப் பகுதியைத் திறந்து, காலுக்குச் செல்லும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பைச் சுற்றிக் குரோமிக் கேட்கட் எனும் தையல் நூலால் நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டுவார்கள். நரம்பு வீங்க வீங்கக் கட்டு தானே இறுகும். சில நாட்களில் அந்தப் பாதம் லேசான தொடுதலைக்கூடத் தாங்காது. 2000-இல் டிகோஸ்டர்ட், வுல்ஃப் வகுத்த முறையிலோ, அதே நரம்பின் இரு கிளைகளைக் கட்டி அறுத்துவிட்டு, மூன்றாவதான சூரல் கிளையை மட்டும் விட்டுவைப்பார்கள். இரண்டுமே நோயற்ற எலியின் ஒரு நரம்பில் ஒரே நாளில் ஏற்படுத்தும் காயங்கள். சர்க்கரை நோயிலோ, பல ஆண்டுகளாக, இரு கால்களின் விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சேதம் ஊர்ந்து ஏறுகிறது. ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டுச் சர்க்கரை நோயை வரவழைக்கும் முறையும் உண்டு; ஆனால் அது இன்சுலின் சுரக்கும் செல்களையே அழிப்பதால், நம்மில் பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகை நோயை ஒத்ததல்ல. புற்றுநோய் மருந்தான பேக்லிடாக்சலைக் கொடுத்து உண்டாக்கும் நரம்பு வலிதான், எலிக்கும் நோயாளிக்கும் காரணம் ஒன்றேயென்பதால், மனிதருக்குச் சற்று நெருக்கமானது.

அளக்கும் விதம் இதைவிடக் கவனிக்கத்தக்கது. எலியைக் கம்பிவலைத் தளத்தின்மேல் சிறு பெட்டிக்குள் விட்டு, அது அலைந்து திரிந்து அமைதியான பின், வான் ஃப்ரே இழை எனப்படும் நைலான் இழையைக் கீழிருந்து பாதத்தில் வைத்து, இழை வளையும்வரை அழுத்துவார்கள். வெடுக்கென்று காலை இழுத்தாலோ உதறினாலோ நக்கினாலோ குறித்துக்கொள்வார்கள். எலியை மந்தமாக்கும் மருந்தும் இந்தச் சோதனையில் வலி நீக்கியாகவே தோன்றிவிடும். நோயாளிகளைப் பெரிதும் வாட்டுவதோ, யாரும் தொடாமலே எழும் எரிச்சல். அதை இந்த இழை அளப்பதில்லை. (சோதனை செய்பவர் ஆண் என்றால், அவர் வாடையே எலிகளின் வலி வெளிப்பாட்டைக் குறைத்துவிடுகிறது என்று வலி ஆய்வாளர் மோகிலின் குழுவினர் 2014-இல் காட்டியதும் உண்டு.)

விலங்காய்வே வீண் என்று நான் சொல்லவில்லை. நரம்பு வலிக்குத் தரப்படும் காபாபென்டின் என்ற மருந்து எலிகளிடமும் பலன் தந்தது, எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் நோயாளிகள் சிலருக்கும் தருகிறது. ஆனால், நரம்புகளில் வலிச் செய்தியைக் கடத்த உதவும் சப்ஸ்டன்ஸ் பி எனும் பொருளின் ஏற்பியை (அப்பொருள் செல்லில் வந்து பொருந்தும் இடத்தை) தடுக்கும் மருந்துகள் விலங்குகளிடம் வலியைக் குறைத்துப் பெரும் நம்பிக்கையூட்டிய பின், மனிதரிடம் வலி நீக்கியாகத் தோற்றுப்போயின. அந்த வகையைச் சேர்ந்த அப்ரெபிடன்ட் இன்று வாந்தி தடுக்கும் மருந்தாகவே புழக்கத்தில் இருக்கிறது. மேலும், நெடுங்காலமாக இச்சோதனைகளில் ஆண் விலங்குகளையே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். ஆண் சுண்டெலியிடம் வலியைத் தூண்டும் நோயெதிர்ப்புச் செல்கள் வேறு, பெண் சுண்டெலியிடம் வேறு என்று 2015-இல் வெளியான ஆய்வு கூறியது. நாள்பட்ட வலியால் அதிகம் அவதிப்படுவது பெண்கள் என்பதால், இது சிறிய விஷயமன்று.

ஆகவே இத்தகைய செய்திகளில் எந்த விலங்கு, ஆணா பெண்ணா, நரம்பை என்ன செய்தார்கள், எத்தனை நாள் கவனித்தார்கள், மனிதரிடம் சோதனை தொடங்கிவிட்டதா என்பவற்றையும் ஓரிரு வரிகளில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். ‘எலிகளில்’ என்ற சொல் தலைப்பிலேயே இடம்பெறுவது நல்லது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்,
மதுரை