ரமலான் முடிந்தால்தான் பெருநாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெருநாளன்று முதல் பக்கத்தில் ‘பிரியாணி மணக்கும் ரம்ஜான்’ என்று போட்டிருந்தீர்கள். கூடவே டெல்லி ஜாமா மசூதிப் படம். ராமநாதபுரம் மாவட்டப் பதிப்புதான், ஆனால் கீழக்கரை உங்களுக்கு டெல்லியைவிடத் தூரம்போல.

ரமலான் என்பது மாதத்தின் பெயர் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அது முடிந்து அடுத்த மாதமான ஷவ்வாலின் பிறை தெரிந்தால்தான் நோன்புப் பெருநாள். நோன்பு, தொழுகை, பெருநாள் எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள், உங்களுக்குத்தான் வாயில் வர மாட்டேன் என்கிறது. போன வருடம் முஹர்ரத்துக்கும் ‘இனிய வாழ்த்து’ போட்டீர்கள். கர்பலாவில் நபியின் பேரர் கொல்லப்பட்ட துக்கத்துக்கு என்ன இனிப்போ.

பிறை தெரிந்த ராத்திரி எங்கள் வீட்டில் முதலில் பிரிப்பது அரிசி மூட்டையைத்தான். நான் சின்னப் பையனாக இருந்தபோது தலைக்கு ரெண்டரை கிலோ என்று உம்மா அளந்து பையில் கட்டுவார், பிறந்து பத்து நாளே ஆன தம்பிக்கும் சேர்த்து. நானும் காக்காவும் (அண்ணனைத்தான் சொல்கிறேன்) அதை இருட்டில் வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்போம். பெருநாளன்று யார் வீட்டிலும் உலை வைக்காமல் இருந்துவிடக் கூடாது, அதனால் காலைத் தொழுகைக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். அதுதான் பித்ரா. இத்தனை வருடத்தில் உங்கள் நிருபர் ஒருவராவது இதைக் கேட்டு எழுதியதுண்டா?

பிரியாணி மேல் எனக்குக் கோபமில்லை. அலுவலகத்துக்கு 22 வருடம் வாளி வாளியாகக் கொண்டு போனவன் நான். ஆனால் ஒரு மாதம் பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவனிடம் அங்கே கேட்ட ஒரே கேள்வி, ‘பாய், பிரியாணி எப்போ?’ அப்புறம் ஒரு பாராட்டு, ‘தமிழ் நல்லா பேசறீங்களே!’ தமிழ்ப் புலவர்களுக்குச் செத்தும் கொடுத்த சீதக்காதி எந்த ஊர்க்காரர் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நீங்களாவது சொல்லலாம்.

சரி, நான் கேட்பது சின்ன விஷயம். ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. அன்று காலை உங்கள் புகைப்படக்காரரை எங்கள் ஊருக்கு அனுப்புங்கள். தொழுகையைப் படம் எடுத்து முடித்ததும் வீட்டுக்கு வரட்டும். இடியாப்பமும் கறியும் இருக்கும், முட்டையும் தேங்காய்ப்பாலும் ஊற்றி அவித்த வட்டலப்பமும் உண்டு. பிரியாணி மதியம்தான், அதுவரை இருக்கச் சொல்லுங்கள்.

– உங்கள் பழைய வாசகர், கீழக்கரை