பென்சில் குறி போட்ட இடம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படிவம் வந்து சேர்ந்தது. ஜாயின்ட் அக்கவுண்டை மூட நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறாய். 31 வருஷம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் அந்தக் குறியைப் போட்டுக் கொடுத்தவள் நான். பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. முதலில்.

காரணம் கேட்கப் போவதில்லை. "இனிமே எல்லாமே போன்லயே இருக்கிற பேங்க்குக்கு மாத்திக்கிறேன்மா, சுத்திக்கிட்டே இருக்கிறவங்களுக்கு அதான் வசதி" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அதற்கப்புறம் 19 நாள் ஆகிறது. நான் அனுப்பிய மூன்று செய்திக்கும் நீல டிக் மட்டும். வேலை இருக்கும், தெரியும்.

எந்த ஆப் என்று நீ சொல்லவில்லை. அதனால் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் கணக்குத் தொடங்கியும் பார்த்தேன். முகத்தை வட்டத்துக்குள் வை, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்றது. நாலு தடவை "உங்களை அடையாளம் காண முடியவில்லை" என்றது. ஐந்தாவது தடவை கண்ணாடியைக் கழற்றினேன், ஏற்றுக்கொண்டது. பிறகு விதிமுறைகளைத் திறந்து கடைசி வரி வரை படித்தேன். அதைப் படிக்காமல் 'சம்மதம்' அமுக்குகிறவர்களில் நீ ஒருவன் என்று எனக்குத் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது அது வங்கிதானா என்பது. பெயரிலும் விளம்பரத்திலும் தெரியாது. ஆப்பின் அடியில் பொடி எழுத்தில் எந்த நாட்டில் எந்த உரிமம் என்று இருக்கும், அங்கே தெரியும். வங்கி உரிமம் இருந்தால் டெபாசிட் காப்பீடு உண்டு, வங்கியே கவிழ்ந்தாலும் ஒரு தொகை வரை திரும்பக் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 1 லட்சம் யூரோ வரை, அமெரிக்காவில் 2.5 லட்சம் டாலர் வரை. பிரிட்டனில் 85,000 பவுண்டாக இருந்ததை 2025 டிசம்பரிலிருந்து 1.2 லட்சம் ஆக்கிவிட்டார்கள். வங்கி உரிமம் இல்லாமல், மின்பணம் கையாளும் உரிமம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது கிடையாது. நாடுவிட்டு நாடு பணம் அனுப்பும் வைஸ் ஆப் பிரிட்டனில் அந்த வகைதான். உன் பணத்தை அவர்கள் தங்கள் பணத்தோடு கலக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது விதி. அது மோசம் என்று சொல்லவில்லை. ஒதுக்கி வைப்பது வேறு, காப்பீடு வேறு. அவ்வளவுதான்.

இன்னொன்று, ஒரே பெயரில் பல கம்பெனி இருக்கும். ரெவலூட் என்ற ஆப் லிதுவேனியாவில் வாங்கிய வங்கி உரிமத்தை வைத்து ஐரோப்பாவில் நடத்துகிறது, வேறு நாடுகளில் வேறு உரிமம். ஆப் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நீ எந்த நாட்டு முகவரி கொடுத்துச் சேர்கிறாயோ அந்த நாட்டுக் கம்பெனிதான் உன் பணத்துக்குப் பொறுப்பு.

மூன்றாவது ஒரு வகை இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம். ஆப் ஒருவருடையது, பணம் வேறொரு வங்கியில், நடுவில் கணக்கு எழுதுவது இன்னொரு கம்பெனி. அமெரிக்காவில் சினாப்ஸ் என்ற நடுக் கம்பெனி 2024 ஏப்ரலில் திவாலுக்குப் போனது. மே மாதம் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் முடங்கிவிட்டது. வங்கிகள் நன்றாகத்தான் இருந்தன, அதனால் காப்பீடும் வரவில்லை. யாருக்கு எவ்வளவு என்று எழுதிய கணக்கும் வங்கியில் இருந்த பணமும் ஒத்துப்போகவில்லை. ஆறரைக் கோடி டாலருக்கு மேல் இடித்தது. நாங்கள் சாயங்காலம் பத்து ரூபாய் இடித்தால்கூட வீட்டுக்குப் போக மாட்டோம், உனக்கு நினைவிருக்கும். வாசலில் எத்தனை நாள் அக்காவோடு உட்கார்ந்திருந்தாய்.

இரண்டாவது கார்டை வேறு பையில் வை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன்.

இரண்டாவது கார்டு என்றால் அதே ஆப்பின் இன்னொரு கார்டு இல்லை. வேறு வங்கி. ஒன்று விசா என்றால் மற்றது மாஸ்டர்கார்டு. 2020 ஜூனில் வயர்கார்டு என்ற ஜெர்மன் பணப்பரிமாற்றக் கம்பெனி கவிழ்ந்தபோது அதன் பிரிட்டன் கிளையை அந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு சில நாள் முடக்கி வைத்தது. அதை நம்பியிருந்த பல ஆப்களின் கார்டுகள் ஒரே நாளில் படுத்துவிட்டன. பணம் பத்திரமாகத்தான் இருந்தது, பிறகு கிடைத்தும் விட்டது. ஆனால் ஊர் தெரியாத இடத்தில் அந்தச் சில நாள் என்ன செய்வாய்? யாரைக் கூப்பிடுவாய்? போன தடவை விமான நிலையத்தில் கார்டு மாட்டிக்கொண்டபோது உன் சிநேகிதனிடம் கடன் வாங்கினாய். ஆறு மாதம் கழித்து அவன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை விடு.

ஆப் பேங்க் ஒரு நாட்டைவிட்டுப் போவதும் உண்டு. என்26 என்ற ஜெர்மன் ஆப் பேங்க் 2020-ல் பிரிட்டனைவிட்டுப் போனது, 2022 ஜனவரியில் அமெரிக்காவைவிட்டும் போனது. தேதி சொல்லிவிட்டு முறையாகத்தான் மூடினார்கள். ஆனால் அந்த அறிவிப்பு வரும் மெயிலை நீ பார்ப்பாயா?

செலவு கணக்கில் உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நாணயத்தில் சம்பாதிக்கிறாய், எந்த மாதம் எதை எதாக மாற்ற வேண்டும் என்று தலைக்குள்ளேயே போடுகிறாய். ஏழாம் வகுப்பில் கூட்டு வட்டியை எங்கள் மேனேஜரைவிட வேகமாகப் போட்டவன் நீ. அவர் ஓய்வு பெறும் வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். இருந்தாலும் இரண்டு விஷயம். ஏடிஎம் திரையிலும் கடை மெஷினிலும் "உங்கள் நாணயத்திலேயே கணக்கிடவா?" என்று மரியாதையாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல், உள்ளூர் நாணயத்தையே அமுக்கு. ஆம் என்றால் மெஷின்காரர் வைத்த விலை, உன் ஆப்பின் நல்ல விலை அங்கே செல்லாது. அடுத்தது, சனி ஞாயிறில் நாணயச் சந்தை மூடியிருப்பதால் சில ஆப்கள் அந்த இரண்டு நாளும் கூடுதலாகப் பிடிக்கும். வெள்ளிக்கிழமையே மாற்றி வைத்துக்கொள்.

'இலவசம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது எதையும் நம்பாதே. ஏடிஎம்மில் மாதத்துக்கு இவ்வளவு வரைதான் இலவசம் என்று கீழே இருக்கும். அதற்குள் எடுத்தாலும் மெஷின் வைத்திருப்பவர் தன் பங்குக்குத் தனியாகப் பிடிப்பார். வாடகைக் காருக்கும் ஓட்டலுக்கும் முன்பணமாக ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டு என்றால் அது நிஜமாகவே உன் கையிருப்பிலிருந்து முடங்கும், ப்ரீபெய்டு கார்டு என்றால் வாங்கவே மாட்டேன் என்பவர்களும் உண்டு. அதற்கு ஒரு கிரெடிட் கார்டு வேண்டும்.

போன்தான் வங்கி என்றால் போன் தொலைந்த அன்று வங்கியும் தொலைந்தது. பல ஆப்கள் ஒரு கருவியில்தான் திறக்கும், ஓடிபி ஒரு நம்பருக்குத்தான் வரும். நீ ஊருக்கொரு சிம் மாற்றுகிறவன். எந்த நம்பரைக் கொடுத்தாயோ அது செத்துப்போகாமல் பார்த்துக்கொள். பழைய போன் ஒன்றில் ஆப்பைப் போட முடியுமா என்று சேருவதற்கு முன்பே கேள். அந்தப் பழைய போனும் இரண்டாவது கார்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது. சொன்னேனா? சொல்லிவிட்டேன்.

முகவரிதான் உன்னை மாதிரி ஆட்களுக்குப் பெரிய சிக்கல். எங்கே குடியிருக்கிறாய், எந்த நாட்டில் வரி கட்டுகிறாய் என்று கேட்பார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இப்போது கணக்கு விவரங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. சிநேகிதன் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேராதே. நாளைக்கு மறுபடி அத்தாட்சி கேட்டால் காட்ட எதுவும் இருக்காது, கணக்கு முடங்கும். முடங்கினால் ஏன் என்றும் சொல்ல மாட்டார்கள். பணமோசடிச் சந்தேகத்தில் மேலே எழுதிப் போட்டிருந்தால் அதை வாடிக்கையாளரிடம் சொல்வதே பல நாடுகளில் குற்றம். நாங்களும் அந்த மாதிரி நேரத்தில் "சிஸ்டம் டவுன் சார்" என்றுதான் சொல்வோம். கவுண்டரில் என் முகத்தைப் பார்த்தாவது கண்டுபிடித்துவிடுவார்கள். சாட்டில் பதில் சொல்கிறவருக்கு முகமே கிடையாது. சில நேரம் ஆளே கிடையாது. அவரிடம் நீ என்னிடம் பேசுவதைவிட அதிகம் பேசுவாய் என்று நினைக்கிறேன். கோபத்தில் எழுதவில்லை.

வாரிசு பெயர் எழுத இடம் இருக்கிறதா என்று பார். எல்லா ஆப்பிலும் இருப்பதில்லை. பாஸ்புக் கிடையாது, வீட்டுக்குக் கடிதம் வராது. அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்பா விஷயத்தில் நாம் பட்டது போதும். அந்தக் குடைப் பை கிடைக்காமல் போயிருந்தால்? உன்னிடம் இதைப் போய் ஏன் எழுதுகிறேன். நீ நன்றாக இருப்பாய். எந்தெந்த ஆப் என்று மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி அக்காவிடம் கொடுத்து வை. தொகை வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். பெயர் போதும்.

அக்கா என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து எழுதுகிறேன்.

உனக்கு வங்கியில் எதுவும் பிடிக்காமல் போகவில்லை. எனக்குத் தெரியும். ஜாயின்ட் அக்கவுண்ட் போட்டது அவசரத்துக்குப் பணம் போட. நான் பணம் போட்டது இரண்டே தடவை. பார்த்தது ஒவ்வொரு ராத்திரியும். படுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து கடைசி வரி எந்த ஊர் ஏடிஎம் என்று பார்ப்பேன். அப்பாடா, ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று விளக்கை அணைப்பேன். யாராவது கேட்டால் "நேத்துதான் பேசினான்" என்பேன். நீ பேசியிருக்க மாட்டாய். நீ ரயில் டிக்கெட் வாங்கியிருப்பாய்.

அப்புறம் அந்த மூன்று வரி வந்தது. மூன்று செவ்வாய்க்கிழமை, ஒரே பெயர், ஒரே தொகை. அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தேன். எந்த மாதிரி மருத்துவர், எதற்காகப் போவார்கள் என்று படித்தேன். அன்று ராத்திரியே அக்காவுக்கு போன் போட்டேன். மறுநாள் உன்னிடம், நலம்கூட விசாரிக்காமல், "இது என்ன செலவு?" என்று கேட்டேன். ஏதோ கள்ள நோட்டு பிடித்த மாதிரிக் கேட்டேன். நீ "ஒண்ணுமில்லம்மா" என்றாய். அடுத்த வாரம் அக்காவும் உன்னிடம் கேட்டிருக்கிறாள். அதற்கடுத்த வாரம் இந்தப் படிவம்.

நான் கவுண்டரில் இருந்தபோது ஒரு அம்மா வருவார். மகள் வெளியூரில் வேலை பார்த்தாள், பணம் இருக்கிறதா, எடுத்தாளா என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்பார். "அடுத்தவங்க கணக்கைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லைங்க" என்பேன். ஒரு தடவை அழுதார். அப்போதும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து உங்களிடம் பெருமையாகச் சொன்னேன், அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவிடம் பேசிய சட்டத்தை உனக்கு நான் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வரி இப்போது வருவதில்லை. போவதை நிறுத்திவிட்டாயா, கார்டை மாற்றிவிட்டாயா என்று எனக்குத் தெரியாது. கார்டை மாற்றியிருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். போவதாக இருந்தால் போ. நல்ல ஆப்பாகப் பார்த்துச் சேர், அதிலிருந்து கட்டு. நான் பார்க்க முடியாத இடத்திலிருந்து கட்டு. பதில் எழுத வேண்டாம்.

போனை மட்டும் நம்பி இருக்காதே, கிளை உள்ள வங்கியில் பழைய கணக்கு ஒன்று இருக்கட்டும் என்று எழுத நினைத்தேன். அதை நான் சொன்னால் எதற்குச் சொல்கிறேன் என்று உனக்குத் தோன்றும். நியாயம்தான். ஆனாலும் அது உண்மை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

அதனால் இந்த உறையில் இரண்டு படிவம் இருக்கிறது. ஒன்று நீ அனுப்பியது, மூடுவதற்கு. நீ குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றது நேற்று கிளைக்குப் போய் வாங்கி வந்தது. என் பெயரை நீக்கிவிட்டுக் கணக்கை உன் ஒருவன் பெயரில் வைத்துக்கொள்வதற்கு. அதிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதைக் கொடுப்பது என்று நீயே முடிவு செய். என் போனிலிருந்த அந்த ஆப்பை எடுத்துவிட்டேன்.

இரண்டாவது படிவத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டிய இடம் பின்பக்கம் இருக்கிறது, சட்டென்று கண்ணில் படாது. பென்சிலால் குறி போட்டிருக்கிறேன்.

அம்மா