சுட்ட வீடும் சொல்லாமல் விட்ட பெயர்களும்

ஐயா,

புதுச்சேரி மட்பாண்டங்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோப்பையின் விலை வரை எழுதியவர், அந்தத் தொழிலுக்கு இங்கே வேர் பிடிக்க வைத்தவர்களை ஏனோ விட்டுவிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்து தங்கிவிட்ட ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானின் பிசென் ஊரில் தொழில் பழகியவர். மீக்கரோ சுடாத மண் செங்கல்லால் வீடு கட்டி, உள்ளே பாண்டங்களை அடுக்கித் தீ மூட்டி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டவர்! ஆனாலும் பானைகளைவிட அவர்கள் உருவாக்கிய மாணவர்களே பெரிய சாதனை என்பேன்.

சில வருடங்களுக்கு முன் புதுச்சேரிக் கடையொன்றில் காபிக் குவளை வாங்கினேன். விளிம்பில் சில்லு பெயர்ந்தும் பூச்சின் பளபளப்பு இன்னும் போகவில்லை. "யாரிடம் கற்றீர்கள்?" என்று அதைச் செய்த பெண்ணிடம் கேட்டேன். அவர் சொன்ன ஆசிரியரும் இந்த இருவரிடம் படித்தவர்தான். சரி, இதெல்லாம் வாய்மொழியாகவே இருந்தால் போதுமா? சூளை வரைபடங்கள், பூச்சுக் கலவைக் குறிப்புகள், மாணவர்களின் நினைவுகள் ஆகியவற்றைப் புதுச்சேரி கலை பண்பாட்டுத் துறை தமிழில் ஆவணப்படுத்தி, அருங்காட்சியகத்தில் ஓர் அறை ஒதுக்கலாம்.

– வாசகர், கடலூர்