வெட்டிக் கொடுத்த மாத்திரையில் தேதி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கோடையில் எங்கள் வீட்டு நாய் கருப்பன் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் வந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருக்கின்றன, உண்ணிக் காய்ச்சல் என்றார் கால்நடை மருத்துவர். "உண்ணிக்கு மாத்திரை கொடுத்தோமே டாக்டர்" என்றேன். "அட்டையைக் காட்டுங்க" என்றார்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு மாத்திரையின் காலிக் கூடு. மூன்று மாத்திரை அட்டை விலை அதிகம் என்று ஒன்றை மட்டும் வாங்கியிருந்தேன். செல்லப்பிராணிக் கடைக்காரர் கத்தரியால் வெட்டிக் கொடுத்தார். காலாவதித் தேதி அட்டையின் ஓரத்தில், அவரிடமே தங்கிவிட்டது. திரும்பப் போய்க் கேட்டபோது அந்த அட்டை தீர்ந்துபோயிருந்தது.

அது காலாவதியான மாத்திரை என்று நான் சொல்லவில்லை. உண்ணி கடித்த பிறகுதான் இந்த மாத்திரை அதைக் கொல்லும், அதற்குள் நோய் தொற்றவும் வாய்ப்புண்டு என்று மருத்துவரே விளக்கினார். ஆனால் தேதியே கையில் இல்லாதபோது நான் எதை வைத்துக் கேட்பது, கடைக்காரர் எதை வைத்து மறுப்பது? 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்துக் கருப்பனைக் காப்பாற்றினோம். அந்த ஆற்றாமை மட்டும் போகவில்லை.

கால்நடை மருந்துகளும் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளுக்கு உட்பட்டவைதான். தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்க வேண்டும். தேதி கடந்ததை விற்கக் கூடாது. அவ்வளவு தெளிவான விதியை ஒரு கத்தரி வெட்டு ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. குடற்புழு மாத்திரையிலும் இதே கதைதான். பத்துக் கிலோ எடைக்கு ஒன்று என்ற கணக்கில் வருவதால் ஒன்று, இரண்டாகத்தான் எல்லோரும் வாங்குகிறோம்.

தேதி இருந்தாலும் அதைப் படிப்பதில் குழப்பம் உண்டு. 05/2026 என்று போட்டிருந்தால் மே மாதக் கடைசி நாள் வரை என்று பொருள். அதுவும் பிரிக்காத மருந்துக்கு, அட்டையில் சொன்ன வெப்பத்துக்குள் வைத்திருந்தால்தான். பல மருந்துகளில் 30 டிகிரிக்குள் என்று இருக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கு அடியில், வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த மருந்துக்கு அந்தத் தேதி எப்படிப் பொருந்தும்? உண்ணிக்குக் குளிப்பாட்டும் அமிட்ராஸை வாளியில் கலக்கி, மீதியை அடுத்த வாரத்துக்கு மூடி வைப்பவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். கலக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். புட்டியில் எந்தத் தேதி இருந்தாலும் சரி.

"தேதி முடிஞ்சாலும் மருந்து வேலை செய்யும், அமெரிக்காவுலயே சோதிச்சிருக்காங்க" என்று நண்பர் ஒருவர் வாதாடினார். உண்மைதான். 1986 முதல் அந்நாட்டு ராணுவக் கையிருப்பு மருந்துகளைச் சோதித்து, பலவற்றுக்குக் காலத்தை நீட்டித்திருக்கிறார்கள். அவை கட்டுப்பாடான கிடங்கில், பிரிக்காமல் இருந்தவை. நம் அடுக்களை அலமாரிக்கு அந்தக் கணக்கு ஆகாது. பழைய உண்ணி மருந்து நாயை உடனே கொன்றுவிடும் என்று நானும் பயமுறுத்தவில்லை. வீரியம் குறைந்த மருந்தைக் கொடுத்துவிட்டு, பாதுகாப்பு இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோமே, அதுதான் என் பயம்.

காலாவதியானதை வாய்க்காலில் கொட்டுவதும் கூடாது. பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றில் இருக்கும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு.

மருந்து நிறுவனங்கள் ஒவ்வொரு மாத்திரைக் கூட்டின் மேலும் தேதியை அச்சிட வேண்டும். அதுவரை, உதிரியாக விற்கும் கடைக்காரர்கள் தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் பில்லில் எழுதித் தரட்டும். மருந்துக்கடைகளில் இது வழக்கத்தில் இருப்பதுதானே? செல்லப்பிராணிக் கடைகளில் உரிமம் இல்லாமல் மருந்து விற்கப்படுகிறதா என்பதையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகள் நேரில் வந்து பார்க்க வேண்டும். கோடை தொடங்கி உண்ணி பெருகும் முன்பே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி